தீவுக்கு டூர் போலாமா?

என்ன ஃப்ரெண்ட்ஸ், செமஸ்டர் முடிஞ்சாச்சா? ‘ஊட்டியா, கொடைக்கானலா’னு அடிச்சுக்கிறவங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. இந்த வாரம் நாம போறது ராமேஸ்வரம் தீவு. விருத்தாசலத்துல ராத்திரி கிளம்பினா, காலையில கடல்!

முதல்ல பாம்பன். 1914-ல் திறந்த பழைய பாலம், கப்பல் வந்தா ரெண்டு கையைத் தூக்குற மாதிரி பிளந்து வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துல, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுது. செம சீன்!

அடுத்து தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் ஒரே ராத்திரியில ஊரையே வாரிக்கிட்டுப் போயிடுச்சு. மிச்சம் நிக்குற சர்ச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க. பவளப்பாறைக் கல்!

இங்கேதான் நம்ம ஊர் செராமிக் பசங்க காதைத் தீட்டணும். பவளமும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே சரக்குதான்... கால்சியம் கார்பனேட். சூளையில போட்டா சுண்ணாம்பு. அதுக்காகவே மன்னார் வளைகுடாவில் பல வருஷம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுக்கிற அரணே அதுதான். அரண் போனா தீவு தாங்குமா? அங்கே இருந்த 21 தீவுகள்ல பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ரெண்டும் கடலுக்குள்ள போயிடுச்சு.

2001-லிருந்து பவளத்துக்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலிக்கு இருக்கிற அதே முதல் பட்டியல் பாதுகாப்பு. எடுத்தாலும் வித்தாலும் குற்றம்.

இது தெரியாம, போன தடவை எங்க கேங்ல ஒருத்தன் வெள்ளையா ஒரு துண்டை எடுத்துப் பையில போட்டுட்டான். “ஹாஸ்டல் ரூமுக்கு ஷோ பீஸ் மச்சான்!”

“டேய், நம்ம ஊர் பொம்மையை வார்த்து, காயவெச்சு, சுட்டெடுக்க சில நாள் போதும். பாறையா வளர்ற பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெருசு. உன் கையில இருக்கிறது உன் வயசைவிடப் பெருசா இருக்கும்டா”ன்னேன்.

ஒரு நிமிஷம் முழிச்சவன், திரும்ப நடந்துபோய்த் தண்ணியில விட்டுட்டு வந்தான்.

ஸோ, தீவைச் சுத்துங்க, போட்டோ எடுங்க, மீன் சாப்பிடுங்க. பவளத்தை மட்டும் அங்கேயே விட்டுட்டு வாங்க.

ஷோ பீஸ் கட்டாயம் வேணுமா? நம்ம ஊர்ல பீங்கான் பொம்மைக்கா பஞ்சம், பாஸ்?