தங்கப் பதக்கம், தடுமாறும் நாக்கு

கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் ஒயின் பாட்டில்களில் சிலவற்றின் மேல் மட்டும் வட்டமான தங்க நிற ஸ்டிக்கர் மின்னும். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு போட்டியில் அந்த ஒயின் தங்கப் பதக்கம் வென்றது என்பது அதன் செய்தி. ஒயின் பற்றி அதிகம் தெரியாதவருக்கு அது பெரிய ஆறுதல். விஷயம் தெரிந்த நாலு பேர் ருசி பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கை தானாக அந்தப் பாட்டிலை நோக்கிப் போகும். தயாரிப்பாளர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு ஒயினுக்கும் நுழைவுக் கட்டணம் கட்டி, பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி, கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புகிறார்கள்.

அந்த ஸ்டிக்கரை எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்வியைக் கறாராகக் கேட்டவர் மதுவிலக்குப் பிரசாரகர் அல்ல; ஒயின் தயாரிப்பாளர்தான். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற அமெரிக்கர் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் அரசுப் பல்கலைக்கழகத்தில் கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1976இல் தொடங்கிய ஃபீல்ட்புரூக் என்ற சிறிய ஒயின் ஆலையின் உரிமையாளர். தன் ஒயின்களைப் போட்டிகளுக்கு அனுப்பிய அவரைக் குழப்பியது தோல்வி அல்ல, முரண்பாடு. ஒரு போட்டியில் தங்கம் வென்ற அதே ஒயின், வேறொரு போட்டியில் வெண்கலம்கூட இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியது. இரண்டு இடத்திலும் நடுவர்கள் அனுபவசாலிகள்தான். அப்படியானால் யார் சொல்வது சரி?

சாக்ரமெண்டோ நகரில் நடக்கும் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டி, அமெரிக்காவில் மதிப்புள்ள போட்டிகளில் ஒன்று. அதன் ஆலோசனைக் குழுவில் ஹாட்ஜ்சன் இடம்பெற்றிருந்தார். ஒயினுக்கு மதிப்பெண் போடுகிற நடுவர்களுக்கே மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம் என்பது அவரது யோசனை. எந்தப் போட்டி நிர்வாகமும் சுலபத்தில் ஒப்புக்கொள்ளக் கூடிய யோசனை அல்ல இது. ஆனால், ஒப்புக்கொண்டார்கள்.

சோதனையைப் புரிந்துகொள்ள முதலில் பதக்க முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவருக்கு மட்டும்தான் தங்கம். ஒயின் போட்டியில் அப்படியில்லை. குறிப்பிட்ட மதிப்பெண்ணைத் தாண்டிய எல்லா ஒயினுக்கும் தங்கம் உண்டு. பள்ளிப் பாஷையில் சொன்னால், தங்கப் பதக்கம் என்பது முதல் ரேங்க் அல்ல; முதல் வகுப்பு. ஆகவே ஒரே போட்டியில் பத்துத் தங்கமும் வரலாம், நூறு தங்கமும் வரலாம். பல நூறு ஒயின்கள் கலந்துகொள்ளும் போட்டியில் ஸ்டிக்கர் அச்சடிக்கும் வேலையும் அதற்கேற்பப் பெரிது. பதக்கங்கள் பெருகி மலிந்துவிடக் கூடாது என்பதற்காகவே, சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு தன் ஆதரவில் நடக்கும் போட்டிகளில், வந்த ஒயின்களில் 30 சதவீதத்துக்கு மேல் பதக்கம் தரக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அந்த வரம்பே 30 சதவீதம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹாட்ஜ்சன் செய்தது எளிமையான காரியம். விடைத்தாள் கட்டு ஒன்றில் ஒரே மாணவனின் விடைத்தாளை மூன்று பிரதி எடுத்து, வேறு வேறு எண் போட்டு, ஒரே ஆசிரியரிடம் திருத்தக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் ஒயினில் செய்தார். நான்கு நடுவர்கள் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சுற்றில் 30 கிண்ணங்கள் வைக்கப்பட்டன. அவற்றில் மூன்று கிண்ணங்கள் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றப்பட்டவை. எவை என்று நடுவர்களுக்குத் தெரியாது. 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு 65 முதல் 70 நடுவர்கள் வரை இப்படிச் சோதிக்கப்பட்டார்கள்.

2008இல் ஒயின் பொருளாதாரத்துக்கான ஆய்விதழில் வெளியான முடிவு ஒயின் உலகத்தைச் சங்கடத்தில் ஆழ்த்தியது. மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் போட முடிந்தவர்கள் சுமார் 10 சதவீத நடுவர்கள் மட்டுமே. இன்னொரு 10 சதவீதத்தினர் சில சமயம் அதே ஒயினுக்கு ஒரு கிண்ணத்தில் வெண்கலமும் வேறொரு கிண்ணத்தில் தங்கமும் கொடுத்திருந்தார்கள். 80 முதல் 100 வரையிலான மதிப்பெண் முறையில், சராசரி நடுவரின் தீர்ப்பு நான்கு மதிப்பெண் மேலும் கீழும் ஊசலாடியது. 90 வாங்கிய ஒயின் சற்று நேரம் கழித்து 86 வாங்கும், அல்லது 94 வாங்கும். 86 என்றால் வெண்கலம், 90 என்றால் வெள்ளி, 94 என்றால் தங்கம். பதக்கத்தின் நிறம் மாற இது போதும்.

சரி, தடுமாறாத அந்த 10 சதவீதத்தினரை மட்டும் வைத்துப் போட்டி நடத்தலாமே என்று தோன்றும். அதற்கும் வழியில்லை. ஓர் ஆண்டு நிதானமாக மதிப்பெண் போட்டவர்கள் மறு ஆண்டு மற்றவர்களைப் போலவே தடுமாறினார்கள்.

அடுத்த ஆண்டு ஹாட்ஜ்சன் இன்னொரு கணக்கைப் போட்டார். 2003இல் அமெரிக்காவில் நடந்த 13 போட்டிகளுக்கு வந்த 4,000க்கும் மேற்பட்ட ஒயின்களின் கதியைப் பின்தொடர்ந்தார். மூன்றுக்கும் மேற்பட்ட போட்டிகளில் கலந்துகொண்டவை 2,440. இவற்றில் 47 சதவீதம் ஏதாவது ஒரு போட்டியிலாவது தங்கம் வென்றிருந்தன. ஆனால், அப்படித் தங்கம் வென்றவற்றில் 84 சதவீத ஒயின்கள் வேறொரு போட்டியில் எந்தப் பரிசும் பெறவில்லை. ஒரு போட்டியின் தங்கத்தை வைத்து இன்னொரு போட்டியின் தங்கத்தை ஊகிக்க முடியவில்லை. தங்கப் பதக்கங்கள் விநியோகமான விதம், குலுக்கல் முறையில் கொடுத்திருந்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படியே இருந்தது.

இதில் தயாரிப்பாளருக்கு ஒரு பாடம் இருக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு போட்டியில் தங்கம் கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஐந்து போட்டிகளுக்கு அனுப்பும்போது ஏதாவது ஒன்றில் தங்கம் விழும் வாய்ப்பு 41 சதவீதம். பத்துப் போட்டிகளுக்கு அனுப்பினால் 65 சதவீதம். ஒயின் அதேதான், கூடியது கட்டணமும் பார்சல் செலவும்தான். வெறுங்கையோடு திரும்பிய ஒன்பது போட்டிகளைப் பற்றி எந்த லேபிளும் பேசுவதில்லை. பணம் படைத்த பெரிய ஆலைக்கு இது விளம்பரச் செலவு. ஒரு வருட விளைச்சலை நம்பியிருக்கும் சிறிய ஆலைக்கு இது சூதாட்டம். நல்ல ஒயின் செய்தும் சீட்டு விழாதவர் தன் தொழிலின் மீதே சந்தேகப்பட வேண்டிவரும்.

அதற்காக நடுவர்களை மோசடிக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பாட்டில்களை மறைத்து வைத்துத்தான் ருசி பார்க்கிறார்கள். விழுங்காமல் துப்புகிறார்கள். ஆனால், வேலையின் தன்மை அப்படி. சிவப்பு ஒயினின் துவர்ப்பு ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நாக்கில் படிந்துகொண்டே போகிறது. மூக்கு சீக்கிரத்தில் மணத்துக்குப் பழகிவிடுகிறது. துப்பினாலும் கொஞ்சம் ஆல்கஹால் உடம்பில் சேரத்தான் செய்கிறது. இனிப்பான ஒயினுக்கு அடுத்து வருவது புளிப்பாகத் தோன்றும். வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே ஒயினின் தலையெழுத்தை மாற்றக் கூடும். முப்பது கிண்ணங்களுக்கு நடுவே அழுத்தமான ஒயின் கவனத்தை ஈர்க்கும். சாப்பாட்டோடு நிதானமாகக் குடித்தால் ருசிக்கக் கூடிய மென்மையான ஒயின் காணாமல் போகும்.

நாக்கைக் கண் ஏமாற்றுவதும் உண்டு. பிரான்சின் போர்தோ பகுதியில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம் நடத்திய சோதனையின் விவரம் 2001இல் வெளியானது. மணமற்ற சாயம் சேர்த்துச் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயினை அவர்களிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளால் அதன் மணத்தை வர்ணித்தார்கள். படித்த மூக்கும் கண் சொன்னதைக் கேட்டது.

இதன் விளைவு சில நேரங்களில் வேடிக்கையாக இருக்கும். 2007இல் அதே கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் அம்மாநிலத்தின் மிகச் சிறந்த ஷார்டனே என்று தேர்வானது, அங்கே கடையில் 1.99 டாலருக்கு விற்ற சார்லஸ் ஷா ஒயின். விலை உயர்ந்த போட்டியாளர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால், இதை மலிவான ஒயினின் வெற்றி என்றும் சொல்லலாம், பதக்கத்தின் தோல்வி என்றும் சொல்லலாம். இரண்டில் எது உண்மை என்று ஒரே ஒரு முடிவை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதுதான் சிக்கலே. 2023இல் பெல்ஜியம் தொலைக்காட்சிக் குழு ஒன்று, சூப்பர் மார்க்கெட்டில் இரண்டரை யூரோவுக்கு வாங்கிய ஒயினுக்குப் புதிய லேபிள் ஒட்டி, சொந்தமாகப் பெயர் சூட்டி, ஒரு சர்வதேசப் போட்டிக்கு அனுப்பியது. தங்கம் கிடைத்தது.

அப்படியானால் ருசி பார்ப்பது எல்லாமே பொய்யா? இல்லை. 1976இல் பாரீசில் நடந்த புகழ்பெற்ற ருசிப் போட்டி இதற்குச் சாட்சி. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய அந்தப் போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே தங்கள் நாட்டுப் பெரிய பெயர்களைத் தாண்டி, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் தந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே சிவப்பு ஒயின்களை மீண்டும் ருசித்தபோது வரிசை மாறியது. முன்பு ஐந்தாவதாக வந்த ரிட்ஜ் முதலிடத்துக்கு வந்தது. ஆனால், முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. எந்தப் பாட்டில் முதல், எந்தப் பாட்டில் ஐந்தாவது என்ற தீர்ப்பு நிலைக்கவில்லை. கலிபோர்னியாவாலும் முதல்தர ஒயின் செய்ய முடியும் என்ற தீர்ப்பு நிலைத்தது. திரும்பத் திரும்பச் சோதித்தாலும் மாறாமல் நிற்பதைத்தான் தரம் என்று சொல்ல முடியும்.

ஹாட்ஜ்சனின் ஆய்விலும் இப்படி நிலைத்து நின்ற ஒன்று உண்டு. நடுவர்கள் தங்களுக்குப் பிடித்ததைச் சொல்லும்போது தடுமாறினார்கள். பிடிக்காததைச் சொல்லும்போது அவ்வளவு தடுமாறவில்லை. இந்த வகையில் போட்டிகளுக்குப் பயன் இருக்கிறது. ஒயின் சுமாருக்குக் கீழே இல்லை என்பதற்குப் பதக்கம் ஓரளவு சாட்சி. வெள்ளியைவிடத் தங்கம் உசத்தி என்பதற்கு அது சாட்சி அல்ல.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நாசிக்கிலும் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்திலும் உருவாகும் ஒயின்கள் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போய்வருகின்றன. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை இருக்கும் நாட்டில், பதக்கச் செய்தியே ஒரு விளம்பரம். ஒயின் குடிக்கும் பழக்கம் புதிதாகப் பரவும் இடத்தில் வாங்குபவருக்கும் வேறு வழிகாட்டி குறைவு. போதாததற்கு வெயில். நடுவர் ருசித்தது பக்குவமாகப் பாதுகாத்து அனுப்பிய பாட்டில். வாங்குபவர் கைக்கு வருவது லாரியில் வெந்து, ஏ.சி. இல்லாத கடையில் மாதக்கணக்கில் நின்ற பாட்டிலாக இருக்கலாம். பதக்கம் அந்தப் பயணத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

எனவே ஸ்டிக்கரைப் பார்ப்பவர் கூடவே சிலவற்றையும் பார்ப்பது நல்லது. பதக்கம் எந்த ஆண்டு அறுவடைக்குக் கிடைத்தது, பாட்டிலில் இருப்பது அந்த ஆண்டு ஒயின்தானா? ஒரே ஒரு போட்டியா, அல்லது சம்பந்தமில்லாத பல போட்டிகள் அதே ஒயினைப் பாராட்டியிருக்கின்றனவா? பலர் தனித்தனியாகச் சொல்லும் ஒரே வார்த்தைக்கு, ஒருவர் ஒரு நாள் சொன்ன வார்த்தையைவிட மதிப்பு அதிகம். கடைக்காரர் பாட்டிலை எப்படி வைத்திருக்கிறார் என்பதும் பதக்கத்துக்குக் குறையாத முக்கியம்.

இந்த விவகாரத்தில் மிகப் பெரிய பாராட்டுக்கு உரியவர்கள், தங்கள் நடுவர்களையே சோதனைக்கு உட்படுத்தி, முடிவை வெளியிடவும் சம்மதித்த சாக்ரமெண்டோ போட்டி நிர்வாகத்தினர். மற்ற போட்டிகளும் நடுவர்களின் நிதானத்தை இப்படி அளந்து வெளியிட்டால், எந்த ஸ்டிக்கருக்கு எவ்வளவு மதிப்பு என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்வார். அதுவரை பாட்டில் மேல் மின்னும் தங்கத்துக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு நாள், ஒரு மேஜையில், நாலு பேருக்கு அது பிடித்திருந்தது.