வாயிற்காவலன் யாருடைய ஆள்?

மடிக்கணினி, கைப்பேசி, வீட்டு ரௌட்டர் ஆகிய ஒவ்வொன்றிலும் கம்பியில்லா வலைத் தொடர்புக்கென்று ஒரு சிறு அட்டையோ சில்லோ உண்டு. நாம் அனுப்பும் கடிதமும், செலுத்தும் பணமும், பொதுஜன ஊழியர்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஆலோசனையும் அதன் வழியாகவே செல்கின்றன. அதை விலை கொடுத்து வாங்கியவர்கள் நாமே. எனினும் அதனுள் ஓடும் நிரல் என்ன செய்கிறதென்று பார்க்க நமக்கு வழியில்லை. வீட்டை நமக்கு விற்றுவிட்டு, வாயிற்காவலனை மட்டும் தன் ஆளாகவே நிறுத்திவைக்கும் வியாபாரியை எவரேனும் பொறுப்பாரா? இந்த அட்டை விஷயத்தில் உலகம் முழுவதும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். கணினியை நடத்தும் லினக்ஸ் முதலிய நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் வைஃபை அட்டை தானே ஒரு தனிக் கணினி. அதற்குப் பர்ம்வேர் என்னும் உள்நிரல் வேண்டும். இன்று விற்பனையாகும் அட்டைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்த உள்நிரல், மனிதர் படிக்கவொண்ணாத இயந்திரக் குறிகளாகவே வருகிறது. சில்லின் அமைப்பை விவரிக்கும் ஏடுகளும், இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே கிடைக்கின்றன.

இரகசியமே பாதுகாப்பு என்று உற்பத்தியாளர்கள் சொல்வதுண்டு. அதன் இலட்சணம் 2017-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பிராட்காம் கம்பெனியின் வைஃபை சில்லுகளில் இருந்த பிழைகளை ஆராய்ச்சியாளர்கள் அவ்வாண்டில் வெளியிட்டனர். ஐபோனிலும் ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகள் பலவற்றிலும் இருந்தவை அச்சில்லுகளே. சொந்தக்காரர் எதையும் தொடாமலிருக்கும்போதே, அருகிலுள்ள ஒருவன் சில்லினுள் தன் நிரலை ஓட்டக்கூடும் என்பது நிரூபணமாயிற்று. பூட்டு திருடனைத் தடுக்கவில்லை, வீட்டுக்காரரைத்தான் தடுத்தது. கைப்பேசிக் கம்பெனிகள் திருத்தம் அனுப்பிய கருவிகள் பிழைத்தன. திருத்தம் நிறுத்தப்பட்ட பழைய கருவிகளை வைத்திருந்தவர்களுக்கோ பரிகாரமே இல்லாது போயிற்று. தம் பொருளைத் தாமே செப்பனிட முடியாதவர் அதற்கு உண்மையில் உடைமையாளரா என்று கேட்கிறோம்.

வேறு வழியில்லையா? உண்டு. 2013-ஆம் ஆண்டில் குவால்காம் ஏதெரோஸ் கம்பெனியார் ஏ.ஆர்.9271, ஏ.ஆர்.7010 என்னும் இரு சில்லுகளுக்குரிய உள்நிரலின் மூலத்தைப் பகிரங்கமாக வெளியிட்டனர். அதனால் கம்பெனிக்கு யாதொரு கேடும் விளைந்ததாக நாம் அறியோம். ஆயினும் அடுத்த தலைமுறைச் சில்லுகளில் அதே கம்பெனியார் மீண்டும் கதவைச் சாத்திவிட்டார்கள். தனவந்தரின் மனம் இரங்கிக் கிடைக்கும் சுதந்திரம் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இதனினும் துணிகரமான முயற்சி பெல்ஜியம் தேசத்தில் நடந்தது. கெண்ட் சர்வகலாசாலையையும் ஐமெக் ஆராய்ச்சி நிலையத்தையும் சேர்ந்தவர்கள் 2019-ஆம் ஆண்டின் இறுதியில் 'ஓப்பன்வைஃபை' என்னும் திறந்த வடிவமைப்பை வெளியிட்டனர். உள்நிரலை மட்டுமின்றிச் சில்லின் தர்க்க அமைப்பையே அவர்கள் உலகுக்குக் கொடுத்தனர். இது எளிய காரியமன்று. ஒரு செய்தித் துண்டு வந்து சேர்ந்ததும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 10 பங்கு நேரத்துக்குள் ஒப்புகை புறப்பட வேண்டும். சாதாரண நிரல் அவ்வளவு விரைந்து பதில் சொல்லாது. மின்சுற்றே சொல்ல வேண்டும். ஆகவே விருப்பம்போல் மாற்றியமைக்கத்தக்க எப்.பி.ஜி.ஏ. சில்லில் அவர்கள் அதனை அமைத்தனர்.

குறைகளையும் மறைக்கலாகாது. அத்தகைய பலகையின் விலை சாதாரண அட்டையின் விலையைப்போல் பன்மடங்கு. அதிலுள்ள வானொலிச் சில்லும் ஒரு கம்பெனியின் பூட்டிய சரக்கே. வேகத்திலும் அது புதிய அட்டைகளுக்கு ஈடாகாது. ஆனால் 'முடியாது' என்ற சொல்லுக்கு இனி இடமில்லை. எஞ்சியிருப்பது பணமும் உறுதியுமே.

சர்க்கார்கள் கூறும் ஆட்சேபம் ஒன்று உண்டு. எவரும் நிரலை மாற்றலாமென்றால், வரம்பு மீறிய சக்தியில் ஒலிபரப்பி விமான நிலைய வானிலை ராடார்களுக்கு இடையூறு செய்வார்கள் என்பது அது. நியாயமான கவலைதான். இதை முன்னிட்டே 2014-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்குக் கடுமையான விதி செய்தது. அதைச் சாக்கிட்டுக் கருவி முழுவதையுமே பூட்டும் போக்குத் தோன்றவும், பெருங் கிளர்ச்சி எழுந்தது. 2016-இல் டிபி-லிங்க் கம்பெனி வரம்பு மீறியதற்காக 2,00,000 டாலர் செலுத்த இசைந்தபோது, பிறருடைய திறந்த நிரல்களைத் தன் ரௌட்டர்கள் ஏற்கும் வழியை ஆராய்வதாகவும் அந்த ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. சக்தியின் வரம்பைக் காப்பது வேறு. கருவி முழுவதையும் சிறையிடுவது வேறு.

நம் தேசத்துக்கு இதில் அந்நியம் இல்லை. 1895-இல் கல்கத்தாவில் கம்பியில்லா அலைகளைப் பலரறியச் செய்துகாட்டிய ஜகதீச சந்திர போஸ், தம் கண்டுபிடிப்புகளைக் காப்புரிமையால் அடைத்துவைக்க விரும்பாதவர். 2005-இல் இந்திய சர்க்கார் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. சென்னை ஐ.ஐ.டி.யார் 'சக்தி' என்னும் திறந்த பிராசஸரை வடிவமைத்து, 2018-இல் சண்டிகர் ஆலையிலேயே சில்லாக வார்த்தனர். ஆகாயம் திறந்தாயிற்று, மூளையும் திறந்தாயிற்று. இடையிலுள்ள அட்டை மட்டும் ஏன் பூட்டியிருக்க வேண்டும்?

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. பொதுப் பணத்தில் வாங்கும் கருவிகளில், உள்நிரல் திறந்தவற்றுக்கு முதலிடம் தர வேண்டும். திருத்தம் அனுப்புவதை நிறுத்தும் கம்பெனி, அந்தச் சில்லின் மூலநிரலை வெளியிடும்படி சட்டம் செய்ய வேண்டும். எப்.பி.ஜி.ஏ. பலகையில் மெய்ப்பிக்கப்பட்டதை மலிவான சில்லாக்கும் வேலையைச் சர்வகலாசாலைகளிடம் போதிய பணத்துடன் ஒப்படைக்க வேண்டும். முதலில் வரும் சில்லு மெதுவாகத்தான் ஓடும், ஓடட்டும். அந்த வாயிற்காவலனாவது வீட்டுக்காரரின் சொல்லைக் கேட்பான்.