நாலு வருஷம் யார் கொடுப்பது?

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. இன்னும் கொஞ்ச தூரத்தில் நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் 1ல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கிவிட்டது. சாலையில் போனால் எல்லை தெரியும். கடற்கரையில் தெரியாது. பொழியூர் கேரளம், அதை ஒட்டிய நீரோடி தமிழகம். இரு பக்கமும் மீன்பிடிப்பு, இரு பக்கமும் கால்பந்து, இரு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்த ஒரே பேச்சு.

இந்தக் கரையில் விளையாடுகிற பையனைப் பற்றிப் பேச்செடுத்தால், எத்தனை கோல் போட்டான் என்று யாரும் கேட்பதில்லை. "ஜோலி கிடைத்ததா?" என்றுதான் கேட்பார்கள். பேராசையில் எழுந்த கேள்வி அல்ல அது. பையன் மைதானத்தில் கழிக்கும் ஒவ்வொரு வருஷமும் வள்ளத்தில் ஓர் ஆள் குறைவு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் ஆண்களைக் கொண்டுபோன பிறகு, அந்தக் கணக்கு இன்னும் கடுமையாயிற்று.

புயல் அடித்த நாலே மாதத்தில், 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தை பெனால்ட்டியில் வீழ்த்தி, 14 ஆண்டுகளுக்குப் பின் கேரளம் சந்தோஷ் கோப்பையை எடுத்தது. அந்த அணியில் பொழியூரைச் சேர்ந்த எஸ். சீசன் இருந்தார். ஊரே கொண்டாடியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், நெய்வேலியில் நடந்த தகுதிச் சுற்றில், நடப்புச் சாம்பியனான கேரளம் ஒரு கோல்கூடப் போடாமல் வெளியேறியது. 'பிடித்துப் போட்ட அணி' என்று சொன்னவர்களே முந்தைய ஆண்டு பட்டாசு வெடித்தவர்கள். 2022ல் மஞ்சேரியில் மறுபடி கோப்பை வந்தது. 2018 அணியில் கோல் காத்த மிதுன் அந்த அணியிலும் இருந்தார். நடுவில் அவரை யார் நினைத்தார்கள்?

எல்லைக்கு இப்பால் இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ். ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் அவர் முதலில் இறங்கியது 2018ல், 24 வயதை எட்டும் நேரத்தில். மறு ஆண்டே இந்தியச் சட்டை. அடுத்த தொடரில் ஏ.டி.கே. அணியுடன் சாம்பியன் பட்டம். 20 வயதில் அவரைத் தராசில் வைத்திருந்தால் முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? 2020 நவம்பரில் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. அந்தத் தொடரும் அத்தோடு போயிற்று.

கால்பந்துக்கே இந்தப் பாடு என்றால், கூடைப்பந்தில் காத்திருப்பு இன்னும் நீளம். நெடுநெடுவென்று வளரும் பையனுக்கு எலும்பு நீளும் வேகத்தில் தசையும் நிதானமும் கூடி வருவதில்லை. 19 வயதில் அவன் தன் கைகால்களோடேயே பழகிக்கொண்டிருப்பான். நாமோ அந்த வயதில்தான் தீர்ப்பு எழுதுகிறோம்.

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங்குக்கு நடந்தது அதுதான். ஏழடி இரண்டங்குல உயரம். 14 வயதில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்குப் போனார். 2015 ஜூனில் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம் பெற்ற முதல் இந்தியர். அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு 'நூறு கோடியில் ஒருவன்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 19 வயதுத் தோளில் நூறு கோடி! பிறகு இரண்டு ஆண்டுகள் டெக்சாஸின் கீழ்நிலை லீக்கில், பெரும்பாலும் பெஞ்சில். என்.பி.ஏ. தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2020ல் ஊக்கமருந்து விவகாரத்தில் இரண்டாண்டுத் தடை. இப்போது அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம்.

ஏமாற்றிவிட்டார் என்று சொல்வது எளிது. ஆனால் 52 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். என்.பி.ஏ. தேர்வில் முதல் சுற்றில் எடுக்கப்படும் 30 பேருக்குத்தான் ஒப்பந்தப்படி இரண்டாண்டுச் சம்பளம் உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். இரண்டாம் சுற்றில் வருபவருக்கு அந்த உறுதி கிடையாது. பொறுமை என்று நாம் சொல்வது அங்கே குணமல்ல, சம்பளப் பட்டியலில் ஒரு வரி.

2013 தேர்வைப் பாருங்கள். முதல் இடம் ஆண்டனி பென்னட். முதல் சில ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து எதுவும் வளையத்தில் விழவில்லை, ஊர் சிரித்தது. நாலு ஆண்டுகளில் நாலு அணி, அத்தோடு என்.பி.ஏ. முடிந்தது. அதே தேர்வில் 15ஆவது இடம், கிரேக்க நாட்டின் 18 வயது யானிஸ் அன்டெடோகும்போ. முதல் தொடரில் சராசரி 7 புள்ளிகூட இல்லை. மில்வாக்கி அணி அவரை விடவில்லை. 2019லும் 2020லும் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், 2021ல் சாம்பியன். காத்திருந்தால் எல்லோரும் யானிஸ் ஆவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பென்னட்டுக்கும் காலம் கிடைத்தது, பலிக்கவில்லை. ஆனால் யார் யானிஸ், யார் பென்னட் என்பது முதல் வருஷத்தில் மில்வாக்கிக்கும் தெரியாது, கிளீவ்லாந்துக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளப் பணம் கட்டினார்கள், அவ்வளவுதான்.

கேரளத்துக்குக் கூடைப்பந்து புதிதல்ல. கீது அன்னா ஜோஸ் இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்தவர், ஆஸ்திரேலியாவில் கிளப் ஆட்டம் ஆடியவர். 2011ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வுகளுக்குப் போய் ஒப்பந்தம் இல்லாமல் திரும்பினார். அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு அது தோல்விக் கதையாகச் சொல்லப்பட்டதா, வழிகாட்டிய கதையாகவா என்பதைப் பொறுத்திருக்கிறது எவ்வளவோ.

பொழியூரிலும் நீரோடியிலும் அந்த நாலு வருஷத்துக்குப் பணம் கட்டுவது அப்பாவும் அண்ணனும்தான். கோப்பை வந்த மறுநாள் அரசுகள் பரிசுத் தொகை அறிவிக்கின்றன, மாலை விழுகிறது. கோப்பை வராத வருஷம் யாரும் வருவதில்லை. திறமை தெரிகிற 18 வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் நாலு வருஷத்துக்கு மாதச் சம்பளம், முழங்காலுக்கு ஒரு காப்பீடு, நடுவில் 'ஏன் இன்னும் ஜெயிக்கவில்லை' என்ற விசாரணை கிடையாது: இப்படி எழுத்தில் ஓர் ஒப்பந்தத்தைத் திருவனந்தபுரமோ சென்னையோ போட்டால், எல்லையின் எந்தப் பக்கம் பிறந்தோம் என்று பையன்கள் கவலைப்பட மாட்டார்கள். அதுவரை அப்பா வலையோடு இறங்கும்போது கேட்கத்தான் செய்வார், ஜோலி கிடைத்ததா என்று.