தோட்டத்துக்குத் தனி லைன் வேண்டும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஒயர்மேன்களுக்கு ஒரே மாதிரியான அழைப்புகள் வரத் தொடங்கும். "அண்ணே, எங்க வீட்டுல மட்டும் கரன்ட் இல்ல. பக்கத்து வீட்டுல எரியுது." வந்து பார்த்தால் டிபி பாக்ஸில் ஆர்சிசிபி (மின்கசிவுத் துண்டிப்புக் கருவி) டிரிப் ஆகிக் கிடக்கும். தூக்கிவிட்டாலும் நிற்காது. ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தால், பல வீடுகளில் தேடல் தோட்டத்தில் போய் முடியும். கேட் தூணில் இருக்கும் விளக்குக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். இல்லையென்றால், மாமரத்தடிக்கு இழுத்த ஒயரின் இணைப்பு சேற்றில் ஊறிக்கொண்டிருக்கும்.

அந்த இணைப்பைத் தோண்டி எடுத்துச் சரிசெய்வதுதான் முறை. ஆனால், கொட்டும் மழையில் யார் தோண்டுவது? ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், குழந்தைக்குப் பரீட்சை இருக்கிறது. "சார், இதைத் தூக்கிட்டு நேரா கொடுத்துடவா?" என்று ஒயர்மேன் கேட்கிறார், வீட்டுக்காரர் தலையாட்டுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் வீடு வெளிச்சமாகிவிடும். கூடவே கீசர், கிரைண்டர், வாஷிங் மெஷின் என்று அத்தனைக்கும் காவலாக இருந்த ஒரே கருவியும் போய்விடும். மழை நின்ற பிறகு அதைத் திரும்ப மாட்டுபவர்கள் குறைவு.

ஆர்சிசிபியைப் பலர் இன்னமும் 'ஈஎல்சிபி' என்றே சொல்கிறார்கள். எம்சிபி இருக்கும்போது இது எதற்கு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால் அது விழும். 6 ஆம்பியர் எம்சிபி என்றால், 6 ஆம்பியர் வரை அது அசையாது. மனித உடலில் 50 மில்லி ஆம்பியர் ஓடினாலே இதயத் துடிப்பு நிலைகுலையக்கூடும். ஆர்சிசிபி ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடுகிறது. 6 ஆம்பியரில் அது இருநூறில் ஒரு பங்கு.

எர்த் நன்றாக இருந்தால், கசிவு தொடங்கியதுமே ஆர்சிசிபி விழுந்துவிடும். எர்த் இல்லாத விளக்குக் கம்பத்தில் அது விழ வேண்டுமென்றால், யாராவது கம்பத்தைத் தொட வேண்டும்.

நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேல் என்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டுகளின் புள்ளிவிவரங்கள். வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியும் இருக்கிறது. விதி வந்துவிட்டது, கருவியும் கடையில் கிடைக்கிறது. பிறகும் வீடுகளில் அது நிலைப்பதில்லை என்றால், அதைத் திரும்பத் திரும்ப விழவைக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த இடம் பெரும்பாலும் தோட்டம்.

வீட்டு வரைபடத்தில் படுக்கையறை சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதுவரை குறிக்கப்படுகிறது. தோட்டத்துக்கு ஒரு கோடுகூட இருக்காது. குடிபோன பிறகு, "பின்னாடி ஒரே இருட்டா இருக்கு, பாம்பு வந்தாகூடத் தெரியாது" என்று பேச்சு வரும். உடனே போர்டிகோ பாயிண்ட்டிலிருந்து ஒரு ஒயர் பிரியும். வீட்டுக்குள் ஓடும் சாதாரண ஒயரே பிவிசி பைப்புக்குள் நுழைந்து, ஒரு சாண் ஆழத்தில் புதைபடும். பைப் முடியும் இடத்தில் செம்புக் கம்பிகளை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, மேலே ஒரு பாலிதீன் பையைக் கட்டுவார்கள். சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி ஓரம் பிரியும். பைப்புக்குள் வியர்க்கும் ஈரம் இணைப்பைத் தேடி வரும். பெருச்சாளி ஒயரைக் கடிக்கும். கேட் விளக்குக்குள் எறும்பு புற்று வைக்கும், பல்லி புகுந்து கருகிக் கிடக்கும். ஐப்பசி வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

இதில் வீட்டுக்காரர்களைக் குழப்பும் இன்னொரு விஷயம் உண்டு. "தோட்டத்து சுவிட்சை அணைச்சுத்தானே வெச்சிருக்கேன், அப்புறம் ஏன் விழுது?" என்பார்கள். சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் ஒயர் ஈரமண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் வேறு எது ஓடினாலும் மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த வழியாக மண்ணுக்குள் நழுவும். ஆர்சிசிபி அதையும் கசிவாகத்தான் பார்க்கும். கருவி கெட்டுவிட்டது என்ற தவறான முடிவுக்கு வருவது இப்படித்தான். தகுதியுள்ள ஒயர்மேன், மெயினை அணைத்துத் தோட்ட லைனின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி ஒதுக்கினால் போதும். ஆர்சிசிபி நிற்கும், வீடும் எரியும். மழை விட்டதும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வு அதைவிட எளிது. தோட்டத்துக்குத் தனி எம்சிபி, தனி ஆர்சிசிபி. வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னால் இதை மாட்டினால் பயனில்லை, இரண்டும் சேர்ந்தே விழும். மெயினிலிருந்து நேராகப் பிரிய வேண்டும். சுவிட்ச், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் வகையாக இருக்க வேண்டும். மண்ணுக்குள் போவது ஆர்மர்டு கேபிளாக இருந்தால் பெருச்சாளிக்கும் கடப்பாரைக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். ஆழம் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. அடியில் மணல், மேலே மீண்டும் மணல், அதன் மேல் வரிசையாகச் செங்கல். பின்னாளில் தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டுபவருக்குச் செங்கல் தட்டுப்பட்டாலே விஷயம் புரியும். மண்ணுக்குள் இணைப்பே கூடாது. விளக்குக்கு விளக்கு முழு நீளமாகத்தான் ஓட வேண்டும்.

இதையும்விட நல்ல வழி 12 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுச் சுவரில், மழை படாத இடத்தில் மாட்டிவிட்டால் தோட்டத்துக்குள் 230 வோல்ட் போகவே போகாது. நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். அப்போது 230 வோல்ட் உடலில் 230 மில்லி ஆம்பியரை ஓட்டும். 12 வோல்ட்டால் 12 மில்லி ஆம்பியருக்கு மேல் முடியாது. மண்ணில் ஈரம் இறங்கினாலும் வீட்டு ஆர்சிசிபி விழாது. உள்ளீட்டையும் வெளியீட்டையும் முற்றிலும் பிரித்துவைக்கும் பாதுகாப்பு வகை டிரான்ஸ்ஃபார்மராகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

"12 வோல்ட் போட்டோம், கடைசி விளக்கு மங்கலா எரியுது" என்ற புகாரும் உண்டு. காரணம் ஒயரின் பருமன். 3 வாட் எல்இடி ஆறு என்றால் 18 வாட். 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர். 20 மீட்டர் தள்ளி, 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் கொண்டுபோனால் வழியிலேயே முக்கால் வோல்ட் அளவுக்குக் காணாமல் போகும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு கால் வோல்ட் சுமாருக்கு இறங்கும். ஒயர் விலை கூடத்தான் செய்யும். ஆனால், பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் தோட்டம் முழுவதும் எரியும்.

விளக்கு எத்தனை என்பதிலும் நம்மவர்களுக்கு நிதானம் வேண்டும். மதிலின் நான்கு மூலையிலும் ஃபிளட் லைட் போட்டால் வெளிச்சம் எதிர்வீட்டுப் படுக்கையறைக்கும் போகும். ஒளி வேண்டிய இடங்கள் எண்ணிவிடக் கூடியவைதான்: கேட், படிக்கட்டு, கிணற்றடி, பின்வாசலிலிருந்து துணி துவைக்கும் கல்வரை போகும் பாதை. முழங்கால் உயரத்தில் தரையைப் பார்த்த விளக்கு, படியில் கிடக்கும் பாம்பை நன்றாகவே காட்டும். வெள்ளை வெளேர் என்ற ஒளி பூச்சிகளை அதிகம் இழுக்கும். 3,000 கெல்வினுக்கு உட்பட்ட மஞ்சள் ஒளியில் தொல்லை குறையும். மழை நாளில் ஈசல் மொய்த்துச் சாப்பாட்டுத் தட்டில் விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செடிகளுக்கும் இருட்டு தேவை. சாமந்தி மொட்டுவிடுவதற்கு நீண்ட இரவு வேண்டும். பூப்பைத் தள்ளிப்போட நினைக்கும் பூ விவசாயிகள் குடில்களில் இரவு பல்பு எரியவிடுவது இதனால்தான். சாமந்தித் தொட்டிக்கு நேர்மேலே விளக்கைப் போட்டுவிட்டு, பூக்கவில்லை என்று உரத்தைக் கொட்டிப் பயனில்லை.

எந்த வோல்ட்டாக இருந்தாலும் ஒன்றைச் செய்யவே கூடாது: விளக்குக் கம்பத்தில் துணிக் கொடி கட்டுவது. கம்பத்தில் கசிவு இருந்தால் கொடிக் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். அதில் ஈரத்துணியை உதறிப் போடுபவர்கள், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வெறுங்காலில் ஈரத்தரையில் நிற்பார்கள். கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் மரத்தில் சுற்றும் சீரியல் செட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கடையில் வாங்குபவற்றில் பல, வீட்டுக்குள் தொங்கவிட மட்டுமே ஏற்றவை.

மாற்றம் வீட்டுக்காரரோடு முடிவதில்லை. புதிய இணைப்புக்கான வயரிங் சான்றில் தோட்ட லைனுக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். கேபிள் போகும் பாதையின் வரைபடத்தைக் கட்டுநர் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரைத் தாங்கும் திறனைக் காட்டும் ஐபி எண் இல்லாத விளக்கைத் தோட்ட விளக்கு என்று சொல்லி விற்கக் கூடாது. மழை மட்டும் படும் சுவருக்கு ஐபி65 போதும். தேங்கும் தண்ணீரில் மூழ்க வாய்ப்புள்ள இடத்துக்கு ஐபி67 வேண்டும். தோட்டத்துக்கான தனி ஆர்சிசிபி ஏறத்தாழ 2,000 ரூபாயில் கிடைக்கிறது. அதை வீட்டு மதிப்பீட்டில் முதல் நாளே எழுதிவிட்டால், பிறகு மழையில் யாரும் எதையும் கழற்ற வேண்டிய அவசியம் வராது.