சட்டைப் பையில் சி.ஐ.டி.!

ஒரு காலம் இருந்தது. நம் பொதுக்கூட்டங்களில் மேடைக்கருகே மேஜை போட்டுச் சுருக்கெழுத்துப் போலீசார் உட்கார்ந்திருப்பார்கள். கூட்டத்தின் ஓரத்தில் வேட்டி கட்டிய சி.ஐ.டி. ஒருவர், யார் யார் வந்தார்கள் என்று கணக்கெடுத்துக் கொண்டிருப்பார். தோழர்கள் அவரை எளிதில் கண்டுகொள்வார்கள். "ஐயா, என் பேரைப் பிழையில்லாமல் எழுதிக்கொண்டீர்களா?" என்று கேலி பேசுவதும் உண்டு.

இன்று அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் செய்த வேலையை, அவரைவிடப் பன்மடங்கு துல்லியமாக, ஒரு கருவி செய்கிறது. அதை வாங்கியவர் நாம். மாதந்தோறும் பணம் கட்டி அதற்கு உயிரூட்டுபவர் நாம். சட்டைப் பையில் வைத்து, ஆர்ப்பாட்டத்துக்கு அழைத்துப் போகிறவரும் நாமே!

செல்போனைத்தான் சொல்லுகிறோம்.

பேசினாலும், செய்தி அனுப்பினாலும், இணையத்தைத் திறந்தாலும், எந்தக் கோபுரத்தின் வழியாக, எந்த நேரத்தில் என்பது கம்பெனியின் ஏட்டில் பதிவாகிறது. இந்த ஏடுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய சர்க்கார் உரிம விதியைத் திருத்தியது. ஒரு திடலுக்கு அருகிலுள்ள கோபுரத்தின் கணக்கைக் கேட்டு வாங்கினால் போதும். அன்று அங்கிருந்தவர்களின் எண்கள் வரிசையாக வந்து நிற்கும்.

அடுத்தது முகம். 2020 பிப்ரவரியில் டில்லியில் கலவரம் நடந்தது. மார்ச் 11ஆம் நாள் மக்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா என்ன சொன்னார்? வாக்காளர் அட்டை, வாகன ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் விவரங்களை முகமறியும் மென்பொருளில் செலுத்தி, 1,100க்கும் மேற்பட்டோரை அடையாளம் கண்டுள்ளதாகச் சொன்னார். கலவரம் செய்தவரைப் பிடிக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த படம், கொடுத்தவனைக் கேளாமலே போலீஸ் நிலையத்துக்குப் போனது எப்படி? அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவர்கள் எல்லோரும் கலவரக்காரர்கள்தாமா?

எண்பது சதவீதம் ஒத்திருந்தால் அதைப் பொருத்தம் என்று கொள்வதாக டில்லிப் போலீசே 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்தது. எண்பது பங்கு ஒத்த முகம் அண்ணனுக்கும் தம்பிக்கும் இருக்குமே! தமிழ்நாட்டுப் போலீசாரும் 2021 அக்டோபர் முதல் முகமறியும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இந்தக் கருவிக்கென்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் ஏதும் இல்லை.

கைதானால் கதை இன்னும் நீளும். 2022இன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகை மட்டுமின்றிக் கருவிழிப் பதிவும் எடுக்க இடம் தருகிறது. அந்தப் பதிவுகள் 75 ஆண்டுகள் காக்கப்படும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. ஆனால் நீதிமன்றம் வேறு விதமாக உத்தரவிடாவிட்டால்தான். எனவே வழக்கு முடிந்த தோழர்கள், "என் பதிவு அழிக்கப்பட்டதா?" என்று வழக்கறிஞர் மூலம் கேட்கத் தவறக் கூடாது.

"நாம் என்ன திருடர்களா? நெஞ்சு நிமிர்த்திச் சிறை சென்ற இயக்கம் ஒளிந்துகொள்வதா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சிறைக்கு அஞ்சாத வீரன்கூட, வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுச் சிறைக்குப் போவதில்லை. நம் கொள்கையில் ஒளிவு இல்லை. கொடியில் மறைவு இல்லை. ஆனால் உங்கள் செல்போனில் இருப்பது உங்கள் கொள்கை மட்டுமா? தங்கையின் படம், மனைவியின் மருத்துவச் சீட்டு, வங்கிக் கணக்கு, இயக்கத்துக்கே சம்பந்தமில்லாத நண்பர்களின் எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றைப் பிறர் கையில் கொடுக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

வாக்குச் சாவடியில் மறைப்புக் கட்டுவது ஏன்? ஓட்டுப் போடுவது குற்றம் என்பதாலா? பண்ணையாரும் முதலாளியும் பார்த்துவிட்டுப் பழிவாங்கக் கூடாது என்பதால்தானே! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. இரண்டும் ஏழைக்கும் உண்டு. வன்முறைக்கு மறைவிடம் தேடச் சொல்லவில்லை நாம். உரிமையோடு கூடுகிறவன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்கிறோம்.

முதலாளியின் கண் போலீசாரின் கண்ணைவிடக் கூர்மையானது என்பதைத் தொழிலாளித் தோழர்கள் அறிவார்கள். வாயிற்கூட்டம் முடிந்த அரை மணியில், "அலைகடலெனத் திரண்ட தொழிலாளர்கள்" என்று தலைப்பிட்டு நம்மவர்களே முகநூலில் படம் போடுகிறார்கள். அந்தப் படத்தை முதலில் பார்ப்பவர் யார்? ஆலையின் மனிதவள அதிகாரி! நிரந்தரம் செய்யப்படாத ஒப்பந்தத் தொழிலாளி மறுநாள் "வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டால், அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? கூட்டத்தை முதுகுப் பக்கமிருந்து எடுங்கள். கொடியை எடுங்கள். முகம் தெரிந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஒருவரின் முகத்தைப் போடுவதற்கு முன் அவரைக் கேளுங்கள்.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்பதல்ல. 2018 மே 22இல் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, வாகனத்தின் மேல் ஏறி நின்று குறிபார்த்தவர்களை நாடே கண்டது படக்கருவியால்தான். அநியாயம் நடந்தால் எடுங்கள். எடுத்ததை அழியாமல் காத்து வழக்கறிஞரிடம் சேருங்கள். சாட்சிக்கு ஒரு படம் வேறு, விளம்பரத்துக்கு ஒரு படம் வேறு.

இனி, ஊர்வலத்துக்குப் புறப்படும் தோழர்கள் செய்ய வேண்டியவை.

செல்போன் தேவையில்லை என்றால் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே தீர வேண்டுமென்றால், கைரேகையாலும் முகத்தாலும் திறக்கும் வசதியை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். விரலைப் பிடித்து வைத்துத் திறந்துவிடலாம். மனத்திலுள்ள எண்ணை அப்படி எடுக்க முடியாது. ஆறு இலக்கத்துக்குக் குறையாத பூட்டு எண் வையுங்கள். பிறந்த ஆண்டை வைக்காதீர்கள். பூட்டிய திரையில் செய்திகள் தெரியாதபடி செய்யுங்கள். இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்தால் மட்டும் போதாது. கோபுரம் அப்போதும் அறியும். விமானப் பயணத்துக்கான நிலையில் வைத்தால் கோபுரத்தோடு உள்ள தொடர்பு அறும்.

வாட்ஸ்அப் குழுவில் நூறு பேரைச் சேர்த்துவிட்டு இரகசியம் பேசாதீர்கள். செய்தி வழியில் பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் நூறு கைகளிலும் அது திறந்து கிடக்கிறது. அதில் ஒருவர் யாருடைய ஆளோ! வேலை முடிந்த குழுவைக் கலைத்துவிடுங்கள். செய்திகள் தாமே மறையும்படி வையுங்கள். சிக்னல் என்ற செயலி, பயன்படுத்துவோரைப் பற்றி மிகக் குறைந்த விவரமே வைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தபோது, கணக்குத் தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிர அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. முக்கியமான பேச்சுக்கு அதைப் பயன்படுத்தலாம்.

வழக்கறிஞரின் எண்ணைச் செல்போனில் மட்டும் வைக்காதீர்கள். கையில் மையால் எழுதிக்கொள்ளுங்கள். இருவர் இருவராகச் செல்லுங்கள். கைதானால் காரணம் கேளுங்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. செல்போனைப் பறித்தால் பறிமுதல் பட்டியலில் ஏற்றச் சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 105ஆவது பிரிவுப்படி, சோதனையும் பறிமுதலும் படம்பிடிக்கப்பட வேண்டும். அதை வற்புறுத்துங்கள்.

கிளைச் செயலாளர்களுக்குத் தனியாக ஒரு சொல். உறுப்பினர் பட்டியல் உங்களை நம்பிக் கொடுக்கப்பட்ட சொத்து. அதைச் செல்போனில் சுமந்துகொண்டு களத்துக்கு வராதீர்கள்.

ஆளவந்தாரையும் நாம் கேட்கிறோம். முகமறியும் கருவியை எங்கே, யார்மீது, யார் அனுமதியோடு பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றுங்கள். அதுவரை, அமைதியாகக் கூடும் மக்கள்மீது அதைத் திருப்பாதீர்கள். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சர்க்காரின் அமைப்புகளுக்கு விலக்குத் தரும் வாசலை அடையுங்கள். ஊரார் கதவுக்குப் பூட்டுச் செய்து, சாவியைத் தன் இடுப்பில் சொருகிக்கொள்பவன் காவல்காரன் அல்ல.

தோழர்களே! திடலுக்கு வாருங்கள், திரளாக வாருங்கள். அச்சத்தை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். எச்சரிக்கையை மட்டும் விடாமல் எடுத்து வாருங்கள்!