நான்காம் குழந்தைக்கு 12 வாரம்

அதிகம் பிள்ளை பெறச் சொல்வது அரசியலில் மறுபடியும் மரியாதையான பேச்சாகிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னைத் திருமண விழா ஒன்றில் முதல்வர் ஸ்டாலின் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதமே ஆந்திரம், இரண்டுக்கு மேல் பிள்ளை பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை நீக்கியது. இவர்களை முந்திக்கொண்டது கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில் உள்ள பாலா மறைமாவட்டம். போப் பிரான்சிஸ் அறிவித்த குடும்ப ஆண்டையொட்டி 2021 ஜூலையில் அந்த சீரோ மலபார் கத்தோலிக்க மறைமாவட்டம் அறிவித்தது இது: 2000க்குப் பிறகு மணமுடித்து ஐந்தோ அதற்கு மேலோ குழந்தை பெற்றவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய், நான்காம் குழந்தை முதல் பொறியியல் கல்லூரியில் கல்வி உதவி, நான்காம் பிரசவம் முதல் மருத்துவமனையில் கட்டணமில்லை. பத்தனம்திட்டா சீரோ மலங்கரா மறைமாவட்டமும் விடவில்லை. நான்கு குழந்தைகளுக்கே 2,000 என்று ஏலத்தை ஏற்றியது. திருச்சபை குடும்பத்துக்குத் துணை நிற்கத்தான் வேண்டும். ஆனால் துணை நிற்கும் இடம் பிரசவ அறை மட்டும்தானா?

மாதம் 1,500 என்றால் நாளுக்கு 50 ரூபாய். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள் என ஏழு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏழு ரூபாய் சொச்சம். கோட்டயத்தில் ஒரு சாயா குடிக்கவும் இது காணாது. தொகை சிறியது என்பதைவிட, அது போய்ச்சேரும் இடம்தான் பிசகு. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த விதி இன்றும் தொடர்கிறது: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு. ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம்தான். தனியார் துறையில் தகப்பனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. கேரளத்துத் தனியார் மருத்துவமனைகளில் கணிசமானவை திருச்சபைகளுடையவை. அங்கே பணிபுரியும் செவிலியர் ஒருவர் ஆயர் சொல்லைக் கேட்டு நான்காவது பெற்றால், பிரசவ பில் பூஜ்யம். ஆனால் சட்டம் உறுதிசெய்யும் விடுப்பு மூன்று மாதம்கூட நிறையாது. பிறகு இரவுப் பணி. கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? பாட்டி, அல்லது மூத்த மகள். சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவைத்தான். அதற்கு மேல் தர முதலாளிக்குத் தடையே கிடையாது. நான்காம் குழந்தை அவ்வளவு அருமையானது என்றால் அதற்கும் 26 வாரம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். தகப்பனுக்கு ஒரு மாதம் சேர்த்தால் இன்னும் நல்லது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை. இரவுப் பணிக்கும் அது திறந்திருக்கட்டும்.

சமூகம் சுருங்குகிறதே என்ற புலம்பல் வழக்கமாக அடுத்து வரும். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் 2001இல் 60.57 லட்சம், 2011இல் 61.41 லட்சம். ஆள் குறையவில்லை, விழுக்காடுதான் 19இலிருந்து 18.4க்கு இறங்கியது. விழுக்காட்டைப் பார்த்துக் கலங்குவது தேர்தல் கணக்கு. அதை ஞாயிறு மறையுரைக்குள் கொண்டுவருகிறவர்களோடு வாதாட அதிகம் இல்லை. விழுக்காடு இறங்கியதில் மர்மம் இல்லை: பெண்கள் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், கடல் கடந்தார்கள். படிக்க வைத்ததும் திருச்சபைப் பள்ளிகளே. குறைந்த ஊதியத்தை எதிர்த்து 2012இலும் 2017இலும் கேரளத்துத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் தெருவில் இறங்கினார்களே, அவர்கள் வேறு கிரகத்துப் பெண்களா? குடும்பமாக வாழ வேண்டிய வயதில் அயர்லாந்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த அதே பெண்கள்தான். அவர்களுக்கு உரிய சம்பளத்தைப் போராடாமலே கொடுத்திருந்தால், அதைவிடப் பெரிய குடும்பத் திட்டம் வேறென்ன இருந்திருக்கும்? குடும்பத்தைப் பற்றி எங்களுக்குத்தான் தெரியும் என்போருக்கு 1986ஐ நினைவூட்டலாம். கோட்டயத்துக்காரர் மேரி ராயின் வழக்கில், தந்தையின் சொத்தில் கிறிஸ்தவ மகளுக்கும் சம பங்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது எதிர்த்தவர்களில் திருச்சபைத் தலைவர்களும் இருந்தார்கள்.

தொண்டு நிறுவனத்திடம் கம்பெனி போல் கேட்கலாமா, நிதிக்கு எங்கே போவது என்பார்கள். நான்காம் பிரசவத்துக்கும் ஐந்து பிள்ளைக்காரர்களின் மாதப் படிக்கும் நிதி வந்த வழியிலேயே விடுப்புக்கும் சம்பளத்துக்கும் வரும். திருமணத்துக்கு முன் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்களே என்பதும் உண்மைதான். நல்ல வகுப்பு, ஆனால் வாடகைக்கும் கடனுக்கும் அதில் பாடம் எடுத்துப் பயனில்லை. இதற்கிடையே மாநிலத்தில் குறைந்தது ஆறில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். 2023 கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பின்படி வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் இரண்டரை லட்சம். ஐந்தாண்டில் ஏறக்குறைய இருமடங்கு. பங்கில் இன்று பல குடும்பங்கள் என்பவை இரண்டு முதியவர்களும் ஒரு கைப்பேசியும்தான். அவர்களுக்கு வீடு தேடி வரும் செவிலியர் வேண்டும். அந்தச் செவிலியருக்கு ஊரிலேயே கட்டுப்படியாகும் சம்பளமும் 26 வார விடுப்பும் வேண்டும். இவ்விரண்டையும் பாலாவும் பத்தனம்திட்டாவும் நாளைக்கே தொடங்கினால், பத்தாண்டில் அங்கே யாருக்கும் குழந்தைக்குப் பரிசு அறிவிக்க வேண்டியிருக்காது. கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையத்தில் டப்ளினுக்குப் பெட்டி கட்டுகிறவர்களின் வரிசையும் பாதியாகிவிடும்.