பயறும் கொக்கோவும்: முசலி அடுப்பங்கரைகளுக்கு ஒரு யோசனை

அவித்த அவரையை மசித்து, கொக்கோத் தூள் சேர்த்து, முட்டையும் பாலும் வெண்ணெயும் இன்றிப் போறணையில் வேகவைக்கும் சொக்லேட் கேக் மேலை நாடுகளில் இன்று புதுமையல்ல. விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும் உண்ணாத நனிசைவர்கள், அதாவது 'வீகன்' என்று தம்மை அழைத்துக்கொள்வோர், அதனை ஓர் அன்றாடப் பலகாரமாக்கிவிட்டனர். கொண்டைக்கடலை போன்றவற்றை அவித்த நீரை அடித்தால் முட்டையின் வெண்கருவைப் போல நுரைத்து நிற்கும் என்பதை 2014ஆம் ஆண்டு ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு 'அக்வாஃபாபா' என்று பெயரிட்டார். அவரை நீர் என்பதே அதன் பொருள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் சமையலறைகளுக்குள்ளும் இந்தப் பழக்கம் நுழைந்துவிட்டது.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில் கிடக்கும் முசலியில் இதனைப் பற்றிப் பேசவேண்டிய தேவை என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். தேவை உண்டு என்பதே என் கருத்து. வேறெங்கையும் விட அங்கேதான் அதிகம் பேசவேண்டும் என்றுகூடச் சொல்வேன்.

முதலில் ஒரு தெளிவு. பருப்பு வகைகளில் இனிப்புச் செய்வதை நமக்கு எவரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. வறுத்த பயற்றம் மாவுடன் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் மிளகும் சீரகமும் ஏலமும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுக்கும் பயற்றம் பணியாரத்தில் முட்டையோ பாலோ ஏது? சிங்கள மக்களின் முங் கெவுமும் பயற்றில் பிறந்ததே. தமிழகத்தின் சுழியமும் கேரளத்தின் பருப்புப் பிரதமனும் அவ்வழியில் வந்தவை. ஜப்பானியரும் சீனரும் சிவப்புப் பயறு வகையொன்றை இனிப்புப் பசையாக்கி நூற்றாண்டுக் கணக்கில் பலகாரங்களுக்குள் வைத்து வருகின்றனர். ஆகவே கொக்கோ ஒன்றுதான் இதில் நமக்குப் புதிது. அதுவும் மாத்தளை, கண்டிப் பக்கங்களில் விளையும் பொருளே.

இனி முசலிக்கு வருவோம். சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று கடலோரமாகவும் காட்டோரமாகவும் நீளும் இப்பிரதேசத்தின் முஸ்லிம் மக்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளம் பக்கத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஏதிலிகளாக இருந்தனர். 2009இல் போர் முடிந்த பிறகே மீளக்குடியேற்றம் நிகழ்ந்தது. இருபது ஆண்டு என்பது ஒரு தலைமுறை. கைவிடப்பட்ட வயலைக் காடு மூடியது. முகாம் வாழ்வில் வளர்ந்த பிள்ளைகளின் நாக்கு, நிவாரணமாக வந்த கோதுமை மாவுக்கும் சீனிக்கும் கடைப் பாணுக்கும் பழகியது. வயலை வெட்டித் திருத்த இயந்திரம் வரும். நாக்கைத் திருத்த எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கப்படுவதில்லை.

இதனை வெறும் சுவை பற்றிய புலம்பலாகக் கொள்ளக்கூடாது. 2005-2006 காலத்தில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வொன்று இலங்கையில் வயது வந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. 2018-2019 ஆய்வில் அது ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்ற நிலைக்கு வந்துவிட்டது. பிரித்தானியாவில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரை விட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். முசலியில் இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் இது பொதுவான துன்பம். முசலிக்காரருக்கு மேலதிகமாக ஒரு சிரமம் உண்டு: நோய் முற்றினால் மன்னாருக்கோ அதற்கும் அப்பாலோ பஸ் ஏறவேண்டும்.

அடுத்தது விலை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமை மாவின் விலை ஏறியது. 2023இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலை வந்தது. வீட்டிலே கேக் செய்து விற்று நாலு காசு பார்த்துவந்த பெண்களுக்கு முட்டை, மாஜரின், மா ஆகிய மூன்றும் ஒரே காலத்தில் எட்டாதவையாயின. முட்டையும் பாலும் வெண்ணெயும் இல்லாத கேக் மேலை நாட்டில் கொள்கையாக இருக்கலாம். நமக்கோ அது கைக்காவல்.

பயறு, கௌபி இரண்டும் உலர் வலயத்துப் பயிர்கள். பெரும்போக நெல்லை அறுத்த வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்திலேயே பயறு முளைத்து, அறுபது எழுபது நாளில் காய்த்துவிடும். காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்ப்பது அதன் இன்னொரு நன்மை. உலர்ந்த பயற்றில் ஏறத்தாழ கால்பங்கு புரதம். நார்ச்சத்தும் நிறைய உண்டு. ஆகையால் கோதுமை மாவைப் போல இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென உயர்த்துவதில்லை.

கேக்கில் அது செய்யும் வேலை எளிதில் விளங்கக்கூடியது. அவித்து மசித்த கௌபியின் மாப்பொருளும் புரதமும் சூட்டில் இறுகி, முட்டை பிடித்துவைப்பதைப் போலக் கலவையைப் பிடித்துவைக்கின்றன. நார்ச்சத்து ஈரத்தைக் காக்கிறது. கொக்கோவின் கசப்பு கௌபியின் பச்சை வாடையை மூடிவிடுகிறது. கோதுமையின் பசைத்தன்மை இல்லாததால் கேக் பஞ்சுபோல எழும்பாது. தொதலுக்கும் கேக்குக்கும் இடைப்பட்ட பதத்தில், அடர்த்தியாக அமையும். தொதல் தின்று வளர்ந்தவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது.

அளவும் சொல்லிவிடுகிறேன். நூறு கிராம் கௌபியை இரவே ஊறவைத்து, உப்பின்றி நன்கு குழைய அவித்து, நீரை வடித்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். அதனுடன் 100 கிராம் பனங்கட்டியை 100 மில்லிலீற்றர் தேங்காய்ப்பாலில் கரைத்து வடித்துச் சேர்க்கவேண்டும். 40 கிராம் கொக்கோத் தூள், 60 கிராம் குரக்கன் அல்லது அரிசி மா, மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கலந்து, எட்டு அங்குலத் தட்டில் பரப்பி, 180 பாகை செல்சியசில் சுமார் அரை மணி நேரம் வேகவிடலாம். மேலே கொண்டச்சித் தோட்டத்து மரமுந்திரியைத் தூவினால் ஊர்ப் பெருமையும் சேரும். முற்றாக ஆறிய பின்னரே வெட்டவேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும்.

இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. பயறு போட்டதால் மட்டும் ஒரு பலகாரம் நல்ல உணவாகிவிடாது. கோதுமை மாவை நீக்கிவிட்டு இரண்டு மடங்கு சீனியைக் கொட்டி 'ஆரோக்கிய கேக்' என்று விற்பது ஏமாற்று. பனங்கட்டியும் உடலுக்குச் சர்க்கரைதான். அதற்குச் சலுகை இல்லை. நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது சிறந்தது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி. மேலே சொன்ன கேக்கைப் பதினாறு துண்டாக்கினால் ஒரு துண்டில் ஆறு கிராமுக்குச் சற்று அதிகமாகப் பனங்கட்டி இருக்கும். அதுவே அதன் சிறப்பு. நான்கு துண்டு தின்றால் அந்தச் சிறப்பும் போய்விடும். தேங்காயெண்ணெயின் நிறைகொழுப்பையும் மறக்கவேண்டாம்.

இன்னோர் எச்சரிக்கை, வெளிநாட்டு வாசகர்களுக்கு. ராஜ்மா என்ற சிவப்பு அவரையைப் பயன்படுத்துவோர், அதனை ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் அரை மணி நேரமாவது கொதிக்கக் கொதிக்க அவிக்கவேண்டும். அரைவேக்காட்டில் அது வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் தரும் நச்சுத்தன்மை உடையது. தகரத்தில் அடைத்து விற்பது ஏற்கெனவே வெந்தது என்பதால் அச்சமில்லை.

"கேக் கேக்காகவே இருக்கட்டுமே, ஆண்டுக்கு ஒருமுறை தின்பதில் என்ன கெட்டுவிடும்?" என்பது நியாயமான எதிர்வாதம். ஆண்டுக்கு ஒருமுறை என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் கேக் இன்று பிறந்தநாள், பாடசாலை விழா, பட்டமளிப்பு, கடைத்திறப்பு என்று வாரந்தோறும் வருகிறது. 2016இல் குளிர்பானப் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டும் நிறக் குறியீட்டை அரசு கட்டாயமாக்கியது. கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக் துண்டு எந்த நிறமும் இல்லாமல் பிள்ளையின் கைக்குப் போகிறது.

முசலிக்கு இதில் இன்னொரு நயமும் உண்டு. முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் இந்துக்களும் அயலவராக வாழும் பிரதேசம் அது. பெருநாளுக்கும் நத்தாருக்கும் பொங்கலுக்கும் தட்டு மாறுவது நம் பழைய வழக்கம். முட்டை சேர்ந்த கேக்கை விரத நாளில் சைவ வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. கௌபியும் கொக்கோவும் பனங்கட்டியும் சேர்ந்த பண்டத்தை எந்த வீட்டுக்கும் எந்த நாளிலும் அனுப்பலாம். காயம் பட்ட ஊர்களில் இது சிறிய செய்தியல்ல.

எனவே, பெண்களுக்கான கேக் பயிற்சி வகுப்புகளை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். ஐசிங் பூப்போடக் கற்பிக்கும் நாட்களில் ஒரு நாளைப் பயற்றுக்கும் கௌபிக்கும் ஒதுக்குங்கள். விளைவிக்கும் கமக்காரனிடமே நேரில் வாங்கப் பழக்குங்கள். சீனி அளவைப் பெட்டியின் மேல் எழுதி விற்கச் சொல்லுங்கள். முசலியில் மீண்டும் உழப்பட்ட வயல்களின் விளைச்சல் அவ்வூர்ப் பிள்ளைகளின் பிறந்தநாள் தட்டுக்கும் வரட்டும்.